ஏழு கல், மூன்று நாள்

காதைத் தைத்துக்கொள்ளப் போகிறேன் என்று ராமக்காள் சொன்னபோது ஊரே சிரித்தது. காது என்ன கிழிந்த சாக்கா, கோணி ஊசியும் சணலும் கொண்டு வரட்டுமா என்று கிணற்றடியில் கேட்டார்கள். ராமக்காள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பேரையூரில் பஸ் ஏறி, மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து, இரண்டு காதையும் தைத்துக்கொண்டு, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டபடி வந்து இறங்கினாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

அவள் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் அங்கே வளர்த்த காதுதான். பிள்ளையாக இருக்கும்போதே குத்தி, துளையில் பஞ்சைத் திணித்து, அப்புறம் ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு, காதுச் சோணை தோளைத் தொடுகிற அளவுக்கு இறங்கியதும் தண்டட்டி மாட்டிவிடுவார்கள். கனத்த தங்கத் தண்டட்டி ஆடுவதற்கு அந்தக் காது சரி. தோடு போடத்தான் முடியாது. தோட்டுக்குப் பின்னால் சதை வேண்டும். இவர்களுக்கு இருந்தது வெறும் வளையம்.

தண்டட்டி போட்டு நிம்மதியாக இருந்தவளுக்குத் தோட்டு ஆசை வந்தது ஒரு டவுன் பஸ்ஸில். ஆறு வருஷத்துக்கு முன்னால், வத்தல் மூட்டையை மதுரைச் சிம்மக்கல் மொத்தக் கடையில் இறக்கிவிட்டு ஊர் திரும்புவதற்காக ஏறி உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டில் ஒரு அம்மாள். சாதாரண நூல் சேலை, மடியில் காய்கறிப் பை. பஸ் ஒரு முக்கில் திரும்பியது, ஜன்னல் வழியாக வெயில் அந்த அம்மாளின் காதில் விழுந்தது. அவ்வளவுதான், பஸ் கூரையெல்லாம் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகப் பொட்டுகள் ஓட ஆரம்பித்தன. அந்த அம்மாள் பக்கத்து ஆளிடம் தலையாட்டிப் பேசப் பேச அவையும் ஓடின. ஒரு பச்சைப் பொட்டு கண்டக்டரின் தோல் பையில் உட்கார்ந்து, அங்கிருந்து முன்னால் நின்றவரின் வழுக்கைக்குத் தாவி, மறுபடி கூரைக்கு ஏறியது. பஸ்ஸில் வேறு யாருமே அதைப் பார்க்கவில்லை என்பதுதான் ராமக்காளுக்கு இன்றுவரை ஆச்சரியம்.

அந்த அம்மாள் இறங்கிய இடத்தில் இவளும் இறங்கினாள். இரண்டு தெரு பின்னாலேயே நடந்தாள். திருடி என்று நினைத்துக் கத்திவிடப் போகிறாளோ என்று பயந்துதான், கடைசியில் கிட்டப் போய் அது என்ன கல் என்று கேட்டாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, வைரம், மாமியாருக்கு மாமியார் போட்டது, இப்போது கடையில் வருகிறதெல்லாம் இப்படி விளையாடாது என்றாள். ராமக்காளின் கை தானாகத் தன் காதுக்குப் போயிற்று. தொங்குகிற அந்தச் சதை வளையத்தைத் தொட்டபோது அவளுக்கு வந்த துக்கத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மாதமே தண்டட்டியைக் கழற்றினாள், அடுத்த மாதம் காதைத் தைத்தாள்.

தைத்த காது ஆறி, அதில் புதிதாகத் துளை போட்டு, வேப்பங்குச்சி செருகி, சின்னத் தங்கக் கம்மல் போட்டு, காத்திருந்து காத்திருந்து வருஷங்கள் போயின. எழுபத்தேழாம் வருஷம் அவர்கள் கரிசலில் பருத்தி வெடித்த வெடிப்பில் வரப்பு வரைக்கும் வெள்ளையாகத் தெரிந்தது. புருஷன் நல்லகாமன் சந்தோஷத்தில் அவளுக்குச் சங்கிலி எடுத்துத் தருகிறேன் என்றான். அவள் வைரத் தோடு என்றாள். அவன் குடித்துக்கொண்டிருந்த மோர் மூக்கில் ஏறியது.

நல்லகாமனைக் கரைப்பது பெரிய வேலையில்லை. இரண்டு நாள் குழம்பில் உப்பைக் குறைத்தால் கரைந்துவிடுகிற ஆள். பெரிய வேலை அவனுடைய அக்காள் ஒச்சாயி. புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள், அவளைக் கேட்காமல் அந்த வீட்டில் கோழி கூட அடைகாக்காது. வைரம் சும்மா இருக்கிற கல் இல்லை, அது வீட்டைப் பார்க்கும், ஆளைப் பார்க்கும், ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் குடும்பத்தையே கவிழ்த்துவிடும் என்பது அவள் கட்சி. கல்லை மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். வைரம் விற்கிறவர்களுக்கும் இது தெரிந்த வழக்கம்தான், யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

மூன்று பேரும் சிம்மக்கல்லுக்குப் போனார்கள். கண்ணுச்சாமி என்று ஒரு தரகர், பழைய நகை மட்டும் கைமாற்றிவிடுகிறவர். பொய் சொல்லத் தெரியாது என்பதால் இன்னும் வாடகை மாடியில்தான் இருக்கிறார் என்று அந்தத் தெருவே அவரைக் கேலி செய்யும். அவர் ஒரு பழைய குங்குமச் சிமிழ் அளவுப் பெட்டியைத் திறந்து வைத்தார். ஏழு கல் தோடு ஒரு ஜோடி. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. பெரிய வீடு ஒன்றில் பாகப்பிரிவினையில் பங்கு பிரிக்க முடியாமல் விலைக்கு வந்தது, செய்து எழுபது எண்பது வருஷமாவது இருக்கும் என்றார்.

மேலே ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் தோடு ஏதோ தூங்கி எழுந்ததுபோல மங்கலாக இருந்தது. வரும் வழியில் ஒரு பெரிய கடையின் கண்ணாடிக்குள் புதுத் தோடுகள் கண்ணைப் பறித்ததை நல்லகாமன் பார்த்திருந்தான். இது சோடாப் பாட்டில் கண்ணாடி மாதிரியல்லவா இருக்கிறது என்று அக்காளின் காதில் சொன்னான், அவன் ரகசியம் பேசினால் கீழ்த்தெரு வரை கேட்கும். ராமக்காளுக்கும் நெஞ்சு இறங்கித்தான் போயிற்று. இதற்கா ஆறு வருஷம் என்று இருந்தது.

கண்ணுச்சாமி கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே மொட்டை மாடிக்கு வரச் சொன்னார்.

"இந்தக் கல்லுக்குப் பட்டை தீட்டுன காலத்துல ட்யூப்லைட்டு ஏதும்மா? ராத்திரின்னா விளக்கு, பகல்னா வெயிலு. அந்த ரெண்டுக்குந்தேன் இது பேசும்."

சொல்லிவிட்டு ஒரு தோட்டை வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பினார். எதிர்ச் சுவர் முழுக்க வண்ணம் சிதறியது. புதுக் கல் ஒரேயடியாக வெள்ளையாக மின்னும், இது அப்படியில்லை. சிவப்பை ஒரு தடவை, பச்சையை ஒரு தடவை, ஆரஞ்சை ஒரு தடவை என்று அகல அகலமாக எடுத்து வீசியது. கையாலேயே பட்டை தீட்டியது, பதினாலு கல்லில் ஒன்றைப்போல ஒன்று இருக்காது, தலை உயரம், முகம் சின்னது, உள்ளே ஆழம் அதிகம், அதனால்தான் உள்ளே போன வெளிச்சம் சுற்றிவிட்டு நிதானமாக வருகிறது என்று கண்ணுச்சாமி சொல்லிக்கொண்டே போனார். ராமக்காள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒரு பச்சைப் பொட்டு சுவரிலிருந்து இறங்கி அவள் சேலையில் உட்கார்ந்திருந்தது. அவள் சேலையை அசைக்காமல் நின்றாள். இதுதான், இதுதான் என்று உள்ளே யாரோ குதித்தார்கள்.

ஒச்சாயி தோட்டை வாங்கிக் கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பார்த்தாள். பார்த்தவள் கல்லின் நடுவில் ஓட்டை இருக்கிறது என்றாள். ஒரு கல்லில் இல்லை, எல்லாவற்றிலும். உண்மைதான், ஒவ்வொரு கல்லின் நடுவிலும் ஊசிமுனை அளவு வட்டம் தெரிந்தது. அது ஓட்டை இல்லை, கல்லின் அடிமுனை உடையாமல் இருக்க அந்தக் காலத்தில் முனையை லேசாகச் சீவிவிடுவார்கள், மேலிருந்து பார்த்தால் அப்படித் தெரியும், பழைய கல் என்பதற்கு அதுதான் அடையாளம் என்றார் கண்ணுச்சாமி. ஒச்சாயி அதை நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. அடுத்து அவள் கேட்டது, இந்தத் தோடு இதற்கு முன்னால் எத்தனை வீட்டுக்குப் போய் வந்தது என்று.

கண்ணுச்சாமிக்குப் பொய் வராது என்று சொன்னேனே. இரண்டு வீடு என்றார். முதல் வீட்டில் இரண்டாம் நாள் மருமகப்பிள்ளைக்குக் கால் ஒடிந்தது. இரண்டாவது வீட்டில் மாடியிலிருந்து இறங்கும்போது அந்த வீட்டம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு இடத்திலும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"மூணாவது வீடும் திருப்பிட்டா, அப்புறம் இதை ஜோடியா யாரும் தொடமாட்டாக. கல்லைப் பிரிச்சு மூக்குத்திக்கும் மோதிரத்துக்கும் போட்டுருவாக. அதனால சொல்றேன் ஆத்தா, சாமான் ஒடைஞ்சுச்சு, மாடு பால் குறைஞ்சுச்சுன்னா அதைப் பேசிக்கலாம். ஆளு உடம்புக்கு அடி கிடின்னா மறைக்காமச் சொல்லிரணும். நான் உங்ககிட்டத்தேன் கேப்பேன்."

ஒச்சாயி சரி என்றாள். இவர்கள் பருத்தி போடும் கமிஷன் கடைக்காரர் ஜவாப்தாரியாக நிற்க, தோடு வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறியது. பிரித்துவிடுவார்கள் என்ற சொல் ராமக்காளின் காதில் வழியெல்லாம் ஒலித்தது. எழுபது எண்பது வருஷமாக ஒன்றாக இருந்த பதினாலு கல்லைப் பதினாலு ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். தனக்குக் கிடைக்காமல் போவதைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. இந்த மூன்று நாளும் இந்த வீட்டில் கெட்டது எதுவும் நடக்காது, நடந்தால் நடக்கவில்லை என்று அவள் தீர்மானித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, சாமி படத்துக்கு முன்னால் நின்று தோட்டைப் போட்டுத் திருகாணியை முடுக்கினாள். நல்லகாமன் கம்மஞ்சோற்றில் கை வைத்தவன் எடுக்கவில்லை. சோடாப் பாட்டில் என்று சொன்ன ஆள், உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, வாசலுக்கும் அடுப்படிக்குமாக நாலு தடவை வேலை இல்லாமல் நடந்தாள். அன்று கோழி முட்டையிட்டதை, செவலைப் பசு ஒரு படி கூடக் கறந்ததை, பக்கத்து வீட்டுக்காரி வாங்கிப்போன உலக்கையைத் தானாகக் கொண்டுவந்து கொடுத்ததை எல்லாம் ஒன்று விடாமல் ஒச்சாயியின் காதில் போட்டாள். ஒச்சாயி எல்லாவற்றுக்கும் ம் என்றாள்.

பத்து மணிக்குத் தோட்டத்துக்குப் போனால், மோட்டார் போடுகிற முத்திருளன் தலையில் கை வைத்துக்கொண்டு பம்புசெட் வாசலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே ஒரே கருகல் நாற்றம். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமியது, புகைந்தது, அணைந்தது, உள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயில் கருகிப் போய்விட்டது என்றான். ராமக்காள் கணக்குப் போட்டாள். முதல் நாள், அதுவும் முதல் இரண்டு மணி நேரத்திற்குள். ஆனால் அழுதுகொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை. கப்பலூரில் காயில் கட்டுகிற பட்டறை இருக்கிறது, இப்போதே வண்டியில் ஏற்றிச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு போ, ரோட்டில் லாரி பிடி, திங்கட்கிழமை வரை நீயும் ஊர்ப்பக்கம் வராதே என்று முத்திருளனை விரட்டினாள். அவன் புரியாமல் பார்த்தான். வாயைத் திறந்தால் உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் என்றாள். அது போதுமாக இருந்தது, அந்தக் கல்யாணமே அவள் பேசி முடித்ததுதான்.

வீட்டுக்கு வந்து, தோட்டத்து லைனில் மூணு பேஸ் கரண்டு வரவில்லையாம், திங்கட்கிழமைதான் வருமாம் என்று புருஷனிடம் சொன்னாள். அவன் கரண்டுக்காரர்களை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு நம்பிவிட்டான். அவர்கள் மேல் எதைச் சொன்னாலும் அந்த நாளில் ஜனங்கள் நம்பினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக் கரண்டே நிஜமாகப் போயிற்று. ஒச்சாயி சிம்னி விளக்கை ஏற்றி நடுவீட்டில் வைத்தாள். அதுவரை வெயிலில் மட்டும் தோட்டைப் பார்த்திருந்தவர்கள் அப்போதுதான் விளக்கில் பார்த்தார்கள். ராமக்காள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், முறம் ஏறி இறங்கத் தலையும் ஆடியது, ஆட ஆட அந்தச் சின்னச் சுடரைக் கல் ஒவ்வொன்றும் வாங்கித் தனித்தனியாகக் கொளுத்திவிட்டது. ஒரு கல் சிவப்பாக எரிந்தது, பக்கத்தில் ஒன்று பச்சையாக, நடுக்கல் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் மாறி மாறித் துடித்தது. சுவரில், பானையில், நல்லகாமனின் வெற்று மார்பில் எல்லாம் பொட்டுகள் நீந்தின. நல்லகாமன் சின்னப் பிள்ளைபோல ஒன்றைக் கையால் பொத்திப் பிடித்தான், அது அவன் கைமேல் ஏறிக்கொண்டது.

ஒச்சாயி மட்டும் சிரிக்கவில்லை. விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கிட்ட வந்து உட்கார்ந்தாள்.

"இங்கிட்டுத் திரும்பு புள்ள."

திரும்பினாள். அங்கிட்டுத் திரும்பச் சொன்னாள், அங்கேயும் திரும்பினாள். கரண்டு வருகிற வரை ஒச்சாயி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கெட்ட புள்ளி தேடுகிறாள், எப்படியாவது ஒன்றைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பப் பார்க்கிறாள் என்று ராமக்காள் நினைத்தாள்.

சனிக்கிழமை கண்ணாடி உடைந்தது. இதில் விதியைக் குற்றம் சொல்ல வழியில்லை. ஆணியில் தொங்கிய கண்ணாடியைக் காலையிலிருந்து பதினைந்து தடவையாவது எடுத்துப் பார்த்து மாட்டியிருப்பாள். பதினாறாவது தடவை ஒரு காதை வெயிலில் பார்க்க வேண்டும் என்று கொல்லைக்கு எடுத்துப் போனாள், துவைக்கிற கல்லில் சாய்த்து வைத்தாள், சரிந்து விழுந்துவிட்டது. கண்ணாடி உடைவது எவ்வளவு கெட்ட சகுனம் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சில்லுகளை முந்தானையில் அள்ளி, குப்பைக்கிடங்கில் எருவுக்கு அடியில் தள்ளி, மேலே மண்ணைப் போட்டு மிதித்தாள். கண்ணாடி எங்கே என்று நல்லகாமன் சவரத்துக்குத் தேடியபோது, ரசம் பூச ஆள் வந்தான், கொடுத்தேன் என்றாள். அதற்கப்புறம் அவள் தோட்டைத் தண்ணீர்க் குடத்திலும் பித்தளைத் தாம்பாளத்திலும் பார்த்துக்கொண்டாள். தாம்பாளத்தில் முகம் கோணலாகத் தெரிந்தாலும் கல் நேராகத்தான் மின்னியது.

அன்றைக்குச் சாயங்காலம் கரண்டு போகவில்லை. பல்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஒச்சாயி எழுந்து போய் அதை அணைத்துவிட்டு, கண் கூசுகிறது என்று சொல்லிச் சிம்னி விளக்கை ஏற்றினாள். முந்தின நாள் போலவே கிட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். இங்கிட்டுத் திரும்பு, அங்கிட்டுத் திரும்பு என்றாள். ராமக்காள் திரும்பினாள், நெஞ்சுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினாள். இந்தப் பொம்பளை விடமாட்டாள் போலிருக்கிறதே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வலது காது தெறித்தது. பழைய தோடு, தங்கம் தாராளமாகப் போட்டுச் செய்த தோடு, கனம் அதிகம். தைத்த தழும்பின் மேல் இரண்டு நாளாக அது உட்கார்ந்து உட்கார்ந்து, சோணை சிவந்து வீங்கித் துளையில் நீர் கோத்திருந்தது. தொட்டால் உயிர் போயிற்று. தையல் விட்டுவிட்டால் காது மறுபடி வளையமாகிவிடும், பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சொல்லியிருந்தார்கள். கொல்லையில் தனியாக உட்கார்ந்து வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றிக்கொண்டபோது, முதல்முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. மோட்டார், கண்ணாடி, இப்போது காது. நாளுக்கு ஒன்று வைத்தாற்போல வருகிறதே, மதினி சொன்னது நிஜம்தானோ, கல்லுக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ என்று அழுகை வந்துவிட்டது.

கழற்றிக் கையில் வைத்திருந்த தோடு அந்த நேரம் பார்த்துக் காலை வெயிலில் ஒரு ஆரஞ்சுப் பொட்டை எடுத்து அவள் முழங்காலில் வைத்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதைப் பார்த்தாள். பிடிக்கவில்லை என்றால் இப்படி விளையாடுமா என்று கேட்டுக்கொண்டாள். வேறு யாரும் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள், அவள் மனப்பூர்வமாகக் கேட்டாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துத் தோட்டை மறுபடி மாட்டி, முடியை இழுத்து வீக்கத்தை மறைத்துக் கொண்டை போட்டாள். அன்று முழுக்கச் சிரித்த முகமாக நடமாடினாள். அவ்வளவு வலியிலும் அவளுக்குள் ஒரு துள்ளல் இருந்தது, இன்னும் ஒரே ஒரு ராத்திரி.

திங்கட்கிழமை பத்து மணி பஸ்ஸில் கண்ணுச்சாமி வந்து இறங்கினார். நல்லகாமன் பாயை விரித்தான். ராமக்காள் தோட்டைக் கழற்றி, துடைத்து, பெட்டியில் வைத்து அவர் முன்னால் வைத்தாள். காப்பி கொடுத்தாள். சர்க்கரை போட்டோமா என்பது அவளுக்கு நினைவில்லை. தூணுக்குப் பக்கத்தில் முந்தானையைப் போர்த்தியபடி ஒச்சாயி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கண்ணுச்சாமி அவளிடம் கேட்டார். ஒச்சாயி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"நடந்துச்சு. மொத நாளு தோட்டத்துல மோட்டாருக் காயில் புகைஞ்சு போச்சு."

ராமக்காளின் கண் பெட்டிக்குப் போயிற்று. நல்லகாமன், மோட்டாரா, பேஸ் வரலைன்னல்ல சொன்னா என்று பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். ஒச்சாயி அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"சாக்கைப் போத்தி வண்டியில போனா எனக்குத் தெரியாதா? அந்த மோட்டாரு போன பங்குனியிலயும் புகைஞ்சுச்சு, அதுக்கு முந்தின பங்குனியிலயும் புகைஞ்சுச்சு. அப்ப வீட்டுல எந்த வைரம் இருந்துச்சு? அது மோட்டாரோட கோளாறு."

கண்ணுச்சாமி தலையாட்டினார்.

"ரெண்டாம் நாளு கண்ணாடி ஒடைஞ்சுச்சு. சாம்பல் கொட்டப் போனா குப்பைக்குள்ளருந்து மினுக்குது. பொழுதன்னைக்கும் அதைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா ஒடையாம என்ன செய்யும்? அது இவளோட கோளாறு."

ராமக்காள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவதும் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. விளக்கை வைத்துக்கொண்டு அவ்வளவு கிட்டத்தில் அந்தக் காதையே பார்த்தவளுக்கு மறுநாள் அது வீங்கியது தெரியாமலா இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நேத்து இவ காது வீங்கிருக்கு. தச்ச காதுல இம்புட்டுக் கனத்தைத் திடீர்னு போட்டா வீங்கத்தேன் செய்யும், ஈயத்தைப் போட்டிருந்தாலும் வீங்கும். பத்து நாளு கழட்டி வச்சு, ஆறவிட்டு, நல்லநாள் பெரியநாளுக்கு மட்டும் போட்டாச் சரியாப்போகும். இதுல கல்லைச் சொல்லிக் குத்தமில்ல."

கண்ணுச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷத்தில் ஒரு கல்லுக்காக இப்படி வக்கீல் வைத்து யாரும் வாதாடி அவர் பார்த்ததில்லை. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"சரி ஆத்தா. இது போக வேற யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல."

கண் இமைக்காமல் சொன்னாள். கண்ணுச்சாமி பெட்டியை ராமக்காளின் பக்கம் நகர்த்தினார். அவள் அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, இரண்டையும் மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. நல்லகாமன் மோட்டாரை மறந்துவிட்டு, தான் முதலிலேயே சொன்னேனே, நல்ல கல் என்று ஆரம்பித்தான்.

வெற்றிலை பாக்குத் தட்டை வீட்டுக்கு மூத்தவள் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒச்சாயி எழுந்திருக்கவில்லை. நீயே குடு, வீட்டுக்காரி நீதேன் என்றாள். ராமக்காள் கொடுத்தாள், கண்ணுச்சாமி வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு இறங்கினார். திரும்பிப் போகிற பஸ் சாவடிப் பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நல்லகாமன் வழியனுப்பக் கூடவே போனான்.

காப்பித் தம்ளரை எடுக்கக் குனிந்த ராமக்காள், தூணைப் பிடித்து எழுந்த ஒச்சாயியின் முந்தானை சரிந்ததைப் பார்த்தாள். உள்ளே இடது கை மணிக்கட்டு இரண்டு மடங்கு பருத்து, நீலம் பாரித்து, ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து அந்த வேக்காட்டிலும் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தது எதற்கென்றும், இரண்டு ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு திரும்பு திரும்பு என்றது எதற்கென்றும் ராமக்காளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பதறிப்போய், மதினி என்று வாயைத் திறந்தாள்.

ஒச்சாயி வலது கையால் அவள் வாயைப் பொத்தினாள். தெருமுனையில் கண்ணுச்சாமி வேட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடுவது தெரிந்தது.

"சத்தம் போடாதத்தா. அந்த ஆளு பஸ் ஏறட்டும்."